மைதானம் தவிர்த்த வாலிபால் மேம்பாட்டுத் திட்டம்

ஒரு பஞ்சாயத்து என்றால் அதற்கென்று ஒரு விளையாட்டு வேண்டும் என்பது அரசின் கொள்கை. எங்கள் பஞ்சாயத்துக்கு அது வாலிபால். கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் சமுதாயக் கூடமும், அதன் பின்னால் மைதானமும், மைதானத்தை ஒட்டி ஓடும் கால்வாயும் தெரியும். ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவன் நான். என் கடை லைசென்சைப் புதுப்பிக்கும் கை எதுவோ, அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கதை.

அந்த ஆபீசின்மேல் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. தீராத நன்றியும் உண்டு. எந்தக் காரியத்துக்கும் ஒரு நகல் போதும் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால் என் வீட்டில் அன்றே அடுப்பு அணைந்துவிடும். அதனால் நான் திட்டுவதெல்லாம் கடைக்குள் இருந்துதான், அதுவும் மிஷின் சத்தம் போடும் நேரம் பார்த்து.

போன வருடத்து மழையில் மைதானத்தைத் தாங்கி நின்ற கால்வாய்ப் பக்கச்சுவர் இடிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் மைதானத்தின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கால்வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இதில் கவலைப்பட்டவள் ஜிஜா. பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, சாயங்காலம் ஆனால் எங்கள் பெண்கள் வாலிபால் அணியின் கேப்டன். அந்த அணியில் பாதிப் பெண்களை வீட்டிலிருந்து வெளியே விடுவதே மைதானம் ரோட்டிலிருந்து தெரிகிற இடத்தில் இருப்பதால்தான். அது போனால் ஒருத்தி தையலுக்குப் போவாள், ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள், அணி அதோடு முடிந்தது. ஜிஜாவுக்கு இது தெரியும். எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரிந்து என்ன பயன்?

ஜிஜா ஒரு மனு எழுதி, அதை என் கடையில் நகல் எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து செக்ரட்டரி அருமநாயகம் சாரைப் பார்க்கப் போனாள். நகல் கொடுக்கிற சாக்கில் நானும் கூடப் போனேன்.

"சாரே, மழைக்கு முன்ன சுவரு கட்டணும். இல்லெங்கி மைதானம் கால்வாயில போயிரும்."

அருமநாயகம் சார் நல்ல மனிதர். யாரையும் உட்காரச் சொல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை. உட்காரச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்.

"இரு மக்கா. சுவரு நீர்ப்பாசனத்துக்க சொத்து ஆக்கும். மைதானம் ரெவன்யூக்க புறம்போக்கு ஆக்கும். இதில பஞ்சாயத்துக்கு உள்ளது என்ன?"

"வெளையாட்டு உண்டு சாரே."

"அதாக்கும் விஷயம். வெளையாட்டு மட்டும் நமக்கு உள்ளது. அத நாம மேம்படுத்தலாம். மைதானத்த தொட முடியாது."

"மைதானம் இல்லாம வாலிபால எப்பிடி சாரே மேம்படுத்துவீங்க?"

"அது பாலிசி மேட்டர்" என்றார் அவர். அந்தக் கேள்வி அவரையும் கொஞ்சம் யோசிக்க வைத்தது என்பது மார்ச் மாதத்தில் தெரிந்தது.

மார்ச் மாதம் அரசு அலுவலகங்களுக்கு அறுப்பின் பண்டிகை. விளையாட்டுக்கு ஒதுக்கிய நிதியை மாதம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். நிதி திரும்பிப் போவது ஒரு அதிகாரிக்கு நேரக்கூடிய பெரிய அவமானம். மைதானம் கால்வாய்க்குப் போகலாம், நிதி தலைநகருக்குப் போகக்கூடாது. அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் ஷைஜு ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்து இறங்கினான். புதிய தலைமுறை வீடியோ கேம் கன்சோல். அதில் வாலிபாலும் உண்டு.

மைதானம் இல்லாத வாலிபால்! அருமநாயகம் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. மலையாளத்தில் வந்ததைத் தமிழில் சொல்கிறேன், மலையாளத்திலும் அது யாருக்கும் புரியவில்லை: "மேற்படி பஞ்சாயத்து எல்லைக்குட்பட்ட இளைஞர்களின் உடல்நலனையும் கூட்டுறவு உணர்வையும் கருத்தில்கொண்டு, பிற துறைகளின் அதிகார வரம்பில் தலையிடாத வண்ணம், மைதானம் தவிர்த்த வாலிபால் மேம்பாட்டுத் திட்டம் இதனால் தொடங்கப்படுகிறது."

சமுதாயக் கூடத்தில் பெரிய டிவி மாட்டினார்கள். பஞ்சாயத்து பிரசிடெண்ட் விலாசினி மேடம் குத்துவிளக்கு ஏற்றினார். பாஸ்டர் ஜெபம் செய்தார். பின்பு ஷைஜு மைக்கைப் பிடித்து இந்தத் தலைமுறைப் பெட்டியின் புதுமைகளை விளக்கத் தொடங்கினான். அவன் விளக்கினது பெட்டியை. எங்களுக்கு விளங்கினது ஆபீஸ்.

"பழைய பெட்டியில கேம் தொடங்க வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். இதில அது இல்ல. அமுக்குன உடனே மைதானம் வந்து நிக்கும்."

அருமநாயகம் சார் முகம் சுருங்கியது. "காத்திருப்பே கெடையாதா?"

"ஒரு நிமிஷம்கூட கெடையாது சாரே. இந்தத் தலைமுறையில பெரிய சாதனையே அதுதான்."

"அப்பம் இது அரசு சேவைன்னு சனங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஷைஜு தலையைச் சொறிந்தான். பதில் சாரிடமே இருந்தது. அன்று மாலையே கூடத்து வாசலில் பெஞ்சு போட்டு, டோக்கன் மிஷின் வைத்து, பெட்டியில் இல்லாத தாமதத்தைப் பஞ்சாயத்தின் சொந்தப் பொறுப்பில் ஏற்பாடு செய்துவிட்டார்.

"நடுவில நிறுத்திட்டுப் போயிட்டு ஆறு மாசம் கழிச்சு வந்தாலும், நிறுத்துன எடத்தில இருந்தே தொடங்கும்" என்றான் ஷைஜு.

"நம்ம பாலத்த மாதிரி" என்றார் விலாசினி மேடம் பெருமையாக.

"மேடம், பாலம் நிறுத்துன எடத்தில நிக்குது. தொடங்கல்ல" என்று அருமநாயகம் சார் காதோடு திருத்தினார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

பழைய பெட்டியின் விளையாட்டுகளும் இந்தப் புதுப் பெட்டியில் ஓடும் என்று ஷைஜு சொன்னபோது யாரும் வியக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் ஓட்டுப் போட்டுப் பார்த்து வருகிற விஷயம்தானே.

அடுத்தது ஸ்டாக் எடுக்கும் சடங்கு. பெட்டியில் நம்பர் எழுதியாயிற்று, டிவியில் எழுதியாயிற்று. "கேம் எங்க? அதிலயும் நம்பர் போடணும்" என்றார் சார்.

"கேம் இதுக்குள்ள இல்ல சாரே. இந்த மாடல்ல சிடித் தட்டு போடதுக்கு உள்ள ஓட்டையே கெடையாது. கேமு எங்கயோ வெளிநாட்டில ஒரு கம்ப்யூட்டர்ல கெடக்கு."

"பின்ன நாம எதுக்கு பில் பாஸ் பண்ணுனோம்?"

"வெளையாடதுக்கு உள்ள அனுமதிக்கு சாரே. கம்பெனி எப்பம் வேணும்னாலும் திருப்பி எடுத்துக்கிடலாம்."

அருமநாயகம் சாரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சர்வீஸ் முழுக்க அனுமதி கொடுத்தே பழகிய மனிதர். பொருளே இல்லாமல் அனுமதி மட்டும் தனியாக வந்து நிற்பதை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். எழுந்து நின்று பெட்டியை வணங்காத குறை.

பிறகு டிவியில் மைதானம் வந்தது. சொல்லிவிட வேண்டும், அழகான மைதானம். மழை பெய்து ஓய்ந்தது போல அங்கங்கே தண்ணீர். "பாருங்க, வெளிச்சம் எப்பிடி விழுதுன்னு! தேங்கிக் கெடக்குத வெள்ளத்தில தென்னமரம் அப்பிடியே தெரியுதா? கோடிக்கணக்கான கணக்குப் போட்டாக்கும் இத வரையுது" என்றான் ஷைஜு.

"எங்களுக்க மைதானத்தில அது முன்னமே உண்டு" என்றாள் ஜிஜா பின்வரிசையிலிருந்து.

கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக்கைச் சார் வாங்கிப் பார்த்தார். திரையில் பந்து அடிபட, அவர் கையில் அது நடுங்கியது. "எளவு, பந்து கையில படுத மாதிரியே இருக்குவே!"

"பந்து கையில பட்டாலும் அப்பிடித்தான் சாரே இருக்கும்" என்றாள் ஜிஜா.

இதை அவர் கவனிக்கவில்லை. அரசுப் பொருள் கையில் நடுங்கினால் அது கரண்ட் கசிவா என்று மின்சார ஆபீசுக்குக் கேட்டு எழுதும்படி கிளார்க்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் வரும்வரை ரப்பர் செருப்பு போட்டுத்தான் விளையாட வேண்டும் என்று ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த அறிவிப்பு, கூடத்துக்குள் செருப்பு போடக்கூடாது என்றது. இரண்டுக்கும் நகல் எடுத்தது நான்தான்.

கடைசிப் புதுமை சத்தம். நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர். பின்னால் நடப்பது பின்னாலிருந்து கேட்கும், இடப்பக்கம் நடப்பது இடப்பக்கத்திலிருந்து. ஷைஜு கொண்டுவந்து வைத்தான், நாங்கள் கைதட்டினோம்.

அதன்பின் ஊர் மாறியது. ரப்பர் வெட்டப் போகிறவர்கள் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு நேரே டோக்கன் எடுக்க வந்தார்கள். மரச்சீனிக் கிழங்கு விற்கிற ராஜபாய் அக்கா சாக்கைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தார். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன், பொய் சொல்வானேன்.

ஆனால் ஜிஜாவும் அவள் அணியும் அதில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். காரணம், பந்து வந்தால் அவர்கள் குதித்தார்கள். பெட்டிக்குக் குதிப்பது தெரியாது, கட்டைவிரல்தான் தெரியும். குதித்ததில் கூடத்தின் டைல்ஸ் ஒன்று விரிசல் விட, "வாலிபால் விளையாடும்போது குதிக்கக் கூடாது" என்று மூன்றாவது அறிவிப்பு வந்தது. மறுபக்கம் அருமநாயகம் சாரை யாராலும் வெல்ல முடியவில்லை. நாற்காலியை விட்டு எழாமல் உடம்பை அசைக்காமல் இருப்பதில் அவருக்கு இருந்த பயிற்சி ஊரில் வேறு யாருக்கு உண்டு?

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை நெருங்கியது. ஜிஜா பிரசிடெண்டிடம் மறுபடியும் போனாள். விலாசினி மேடம் எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தையைச் சொன்னார்: "நமக்கு சரியாக்காம்." சரி செய்துவிடலாம் என்று பொருள். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் வயது தெரியும்.

"மேடம், ஒரு வருஷமா சரியாக்குதீங்க. மழ வந்தா மைதானம் போயிரும். எனக்க பிள்ளைங்க அதோட போயிரும்."

கூடத்தில் அப்போது ஊரே இருந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தால் மேடத்துக்கு வீரம் வரும். "எங்கி ஒரு காரியம் செய்யிலாம். ஞாயிற்றுக்கிழம மத்தியானம் நீயும் செக்ரட்டரியும் பெட்டியில மோதுங்க. நீ ஜெயிச்சா, சுவரு கட்ட அடியந்தர கடிதம் அந்த மேசையிலயே ஒப்பு போட்டுத் தாறேன்."

நாங்கள் கைதட்டினோம். ஒரு சுவர் கட்டுவதற்கு அதைவிட நியாயமான வழி அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜிஜா உட்காரக் கற்றுக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வலைக்கு மேலே முழங்கை தெரிய எழும்புகிற பெண், பிளாஸ்டிக் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். குதித்துவிடாமல் இருக்க அணியில் இரண்டு பேர் அவள் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சோறு தின்று, ஊர் முழுக்க கூடத்தில் கூடிற்று. வெளியே மழை கொட்டியது. மழையின் சத்தம் பெட்டிச் சத்தத்தைக் கெடுக்கிறது என்று பின்கதவைச் சாத்தினோம். ஆட்டம் நடந்தது. சாரின் கட்டைவிரல் முத்திரை குத்துகிற கட்டைவிரல், சளைக்காது. ஜிஜா விடவில்லை. கடைசியில் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயிக்கலாம் என்ற இடத்தில் வந்து நின்றாள்.

அப்போது தரை லேசாக நடுங்கியது. இரண்டு பேர் கையிலும் ஜாய்ஸ்டிக் நடுங்குவது போலத் தெரிந்தது. அடுத்து, பின்னாலிருந்து இடப்பக்கமாக, லாரியில் இருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். நீளமாகக் கேட்டது.

கூடமே எழுந்து கைதட்டியது.

"என்னா சவுண்டு!" என்றார் அருமநாயகம் சார் ஆட்டத்தை விட்டுவிடாமலே. "பின்னால இருந்து வருது பாத்தியா! கொடுத்த காசுக்கு உண்டு!"

"அது இந்தத் தலைமுறைக்க டெக்னாலஜி ஆக்கும் சாரே" என்றான் ஷைஜு. அந்தப் பின்பக்க ஸ்பீக்கருக்கு ஒயர் எட்டாததால் அதைக் கரண்டில் சொருகவே இல்லை என்பதை அவன் மறுநாள்தான் சொன்னான்.

ஜிஜா மட்டும் ஒரு நொடி பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள். "எலே, இஞ்ச பாரு! இஞ்ச பாரு பிள்ள!" என்று ஊரே கத்தியது. பந்து வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பினாள், அமுக்கினாள், ஜெயித்தாள்.

விலாசினி மேடம் சொன்ன சொல் தவறவில்லை. மேசையிலேயே அவசரக் கடிதம், மேசையிலேயே கையெழுத்து, தோற்ற சாரே முத்திரை குத்தினார். எங்கள் பஞ்சாயத்தில் ஒரு காரியம் டோக்கன் இல்லாமல் நடந்து நான் பார்த்தது அது ஒன்றுதான். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பின்கதவைத் திறந்து மைதானத்துக்கு ஓடினார்கள்.

வாசற்படிக்கு அப்பால் ஓட இடம் இல்லை. வலைக்கம்பம் ஒன்று விளிம்பில் நின்றது. மற்றது கால்வாய்க்குள் சாய்ந்து கிடந்தது, வலை செம்மண் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது. மைதானம் இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துப் போயிற்று. ஜிஜா கடிதம் நனைந்துவிடாமல் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடிதம் போன இடமெல்லாம் பதில் வந்தது. தாங்குவதற்கு மேற்படி இடத்தில் எதுவும் இல்லாதபடியால் தாங்குசுவர் தேவைப்படவில்லை என்று சுவர்க்காரர்கள் எழுதினார்கள். மேற்படி புறம்போக்கு தற்போது நீரில் இருப்பதால் அது தங்கள் பார்வையில் வராது என்று நிலக்காரர்கள் எழுதினார்கள். அருமநாயகம் சார் திட்டத்தின் நிறைவு அறிக்கையை எழுதினார். மைதானம் தவிர்த்த வாலிபால் என்ற இலக்கில் மைதானம் என்ற ஒரே தடை இருந்து வந்ததாகவும், தற்போது இலக்கு முழுமையாக எட்டப்பட்டதாகவும் அதில் இருந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. இரண்டாவது பெட்டிக்கு நிதியும் வந்தது. அதற்குக் கிராமசபை கூடித் தீர்மானம் போட வேண்டும்.

கிராமசபை அதே கூடத்தில் கூடியது. வழக்கமாக ஆள் சேராத சபைக்கு அன்று நிற்க இடம் இல்லை. சார் தீர்மானத்தை வாசித்தார். "இரண்டாவது பெட்டி வாங்குததுக்கு ஆதரவு உள்ளவங்க கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. பின்கதவு திறந்திருந்தது, அதன் வழியாகக் கால்வாய் தெரிந்தது, அவ்வளவுதான். சார் எழுதுவதற்குத் தயாராகப் பேனாவோடு குனிந்தபடியே காத்திருந்தார்.

ஜிஜா எழுந்தாள். அணியில் மிச்சம் இருந்த இரண்டு பேரும் கூட எழுந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மத்தியானம் பின்னால இருந்து அந்தச் சத்தம் கேட்டவங்க எல்லாரும் கை தூக்குங்க."

முதலில் ராஜபாய் அக்காவின் கை மெல்ல எழுந்தது. ஷைஜு தூக்கினான். நான் தூக்கினேன். பாஸ்டர் தூக்கினார். மேடையில் விலாசினி மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்கினார். தூக்காதவர் யாரும் இல்லை. கடைசியாக ஜிஜாவும் தூக்கினாள்.

"நானும் கேட்டேன்" என்றாள் அவள். "கேட்டிட்டுத்தான் பட்டன அமுக்குனேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தக் கூடத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்ற ஒரே தருணம் அது. எதையாவது செய்துவிடுவோம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அருமநாயகம் சார் நிமிர்ந்து பார்த்தார். கூடம் நிறையக் கைகள். அவர் முகம் மலர்ந்தது. எண்ணவேண்டிய அவசியமே இல்லை. மறுபடி குனிந்து எழுதினார், எழுதியதை உரக்க வாசித்தார்.

"எதிர்ப்பு ஒண்ணும் இல்ல. ஏகமனதா நிறைவேறியது."

"சாரே, நாங்க கை தூக்குனது அதுக்கு இல்ல" என்றேன் நான். என் வாழ்நாளில் அவருக்கு எதிராகக் கடைக்கு வெளியே நான் பேசிய ஒரே வாக்கியம்.

"தூக்குன கை எதுக்குன்னு எழுத மினிட்ஸ் புக்கில கட்டம் கெடையாது ராஜையா" என்றார் அவர் அன்பாக. "நகலுக்கு நாளைக்கு ஆள் அனுப்புதேன். நெறைய வேணும்."

ஜிஜா கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பழக்கம் விடுமா, எல்லாரும் தட்டினோம்.